உப்பங்கழிக்குள் ஓர் ஆய்வகம்

டென்மார்க்கின் விபோர்க் நகரத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் அதன் வடமேற்கே உள்ள யார்பெக் ஃபியோர்ட் என்ற உப்பங்கழி, லிம்ஃபியோர்ட் வழியாகக் கடலோடு சேர்கிறது. 1966இல் விர்க்சுண்டில் அணை கட்டி அதைப் பிரித்தார்கள். உப்பு குறைந்தது, வயல்களிலிருந்து வந்த உரச்சத்தில் பாசி பெருகியது, கொசு போன்ற பூச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக் கரையோர ஊர்களை வாட்டின. 1991இல் மதகைத் திறந்து உப்புநீரை மறுபடி உள்ளே விட்டார்கள்.

இப்படிப்பட்ட நீரைப் புட்டியில் பிடித்துப்போய் ஆய்வகத்தில் சோதித்தால் மட்டும் போதாது. நம்மூர் இறால் பண்ணைக்காரர்களுக்குத் தெரியும், ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான். பகலில் படகில் வருபவரின் புட்டிக்கு அது அகப்படாது.

கருவியே தண்ணீருக்குள் இறங்க வேண்டும். விபோர்க்குக்குத் தென்கிழக்கே உள்ள ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக் இதில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். அவருடைய கண்ணாடி உணரிகளின் முனை தலைமுடியை விடச் சன்னமானது. சிறிதாக இருப்பதில் பெரிய ஆதாயம் உண்டு: பெரிய மின்முனை, தான் அளக்கும் ஆக்சிஜனையே தின்றுவிடும்; நுண்முனை தின்பது மிகச் சொற்பம்.

நைட்ரேட்டை அளப்பது இதைவிடக் கடினம், கடலின் குளோரைடு குழப்பிவிடும். 1997இல் ரெவ்ஸ்பெக் குழு வெளியிட்ட வழி அபாரமானது. உணரியின் முனைக்குள் பாக்டீரியாக்களைக் குடிவைத்தார்கள். அவை நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றும். அதற்கு மேல் சிதைக்கத் தெரியாதவை. அந்த வாயுவைப் பின்னாலிருக்கும் மின்முனை அளக்கிறது. மறுவருடம் ஆர்ஹுஸில் தொடங்கிய யூனிசென்ஸ் நிறுவனம் இத்தகைய உணரிகளை விற்கிறது.

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனின் தேசியக் கடலியல் மையம் வேறு வழியில் போனது. சிறு தகட்டில் செதுக்கிய நுண்கால்வாய்களில் கடல்நீரும் வேதிப்பொருளும் கலக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகி, இளஞ்சிவப்பு நிறம் வருகிறது. நிறத்தின் அடர்த்தியை எல்.இ.டி. ஒளி அளந்து சொல்கிறது.

எல்லாக் கருவிகளுக்கும் பொது எதிரி, மேலே ஒட்டி வளரும் பாசியும் கொட்டலசும்தான். துடைத்து, அளவு சரிபார்க்க ஆள் வேண்டும்.

அந்தச் செலவு வீணல்ல. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் இப்படி உணரிகளை நிறுத்தி, மணிக்கு மணி வரும் அளவுகளை மீனவர்கள் கைபேசியில் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும்.