பிரிந்துபோன சகோதரர்

பப்புவா நியூகினியின் மடாங் கரையோர மக்களிடம், கிலிபொப், மனுப் என்ற சகோதரர் சண்டையிட்டுப் பிரிந்த பழங்கதை உண்டு. வெள்ளையர் வந்தபின் கதை வளர்ந்தது. முன்னோருக்குத் துவக்கும் வில்லும் காட்டப்பட்டனவாம். அவர்கள் வில்லை எடுத்தார்கள், துவக்கு வெள்ளையரிடம் போயிற்று. அதாவது வெள்ளையர் அந்நியரல்லர். பங்கு தராத உடன்பிறப்புகள்.

கோடரியும் துணியும் தகரப்பேணி இறைச்சியும் கப்பலில் வந்திறங்கின. வெள்ளையர் அவற்றைச் செய்வதை எவரும் கண்டதில்லை. கடதாசியில் எழுதுவதையே கண்டனர். இரகசியம் வேதத்தில் இருக்கிறதென நம்பிப் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். கோயில் நிரம்பியதென மிஷனரிமார் மகிழ்ந்தனர்! காரணம் தெரிந்தபின் வெளியார் இதனைச் 'சரக்கு வழிபாடு' என்று நகைத்தனர். ஆனால் கொடுக்கல் வாங்கலே உறவென வாழும் மக்களுக்கு, பொருளைப் பகிராதவன் தம்மை மனிதராக மதியாதவன். அவர்கள் கேட்டது சரக்கை மட்டுமல்ல.

இரண்டாம் உலகப்போரில் அவுஸ்திரேலியப் படையில் சேவை செய்த யாலி என்பவர், போருக்குப்பின் தம் மக்களும் வெள்ளையரைப்போல் வாழ்வர் என்ற வாக்கை நம்பியிருந்தார். 1947இல் போர்ட் மோர்ஸ்பி சென்றபோது அது நடவாதென அறிந்தார். மனிதன் குரங்கின் வழிவந்தவனென வெள்ளையர் பலர் நம்புவதையும் அங்கேதான் கேள்விப்பட்டார். ஆதாமைப் பற்றிக் கற்பித்தவர்கள் தங்களை ஏமாற்றிவிட்டனரென மனம் கசந்தார். ஊர் திரும்பிப் பழைய சடங்குகளுக்குத் துணைநின்றார். 1950இல் அவரைச் சிறையிலிட்டனர்.