ஒரே ஊற்றில் இரண்டு கிணறு வேண்டாம்
அலுவலக இணையத்துக்கு மாற்று வழி அமைப்பது பற்றி

ஊரில் ஒரு கிணறு மட்டும் இருந்து, அதுவும் கோடையில் வற்றிப்போனால் என்ன பாடு என்பதை எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இன்று கிராமிய வேலைகளுக்கு இணையமும் அத்தகைய ஒரு கிணறாகிவிட்டது. சேமிப்புக் குழுக்களின் கணக்கு, வங்கிக்கு அனுப்பும் பணிப்புரை, உதவி வழங்குவோருக்கான அறிக்கை, வெள்ளமும் மண்சரிவும் பற்றிய எச்சரிக்கை எல்லாம் அதன் வழியாகவே வந்துபோகின்றன. ஆயினும் எத்தனையோ சிறிய அலுவலகங்கள் இன்னமும் ஒரேயொரு இணைப்பை நம்பியே இயங்குகின்றன. இரண்டாவது இணைப்பு எடுத்தவர்களிற் சிலரும், முதலாவது அறுந்த நாளில் இரண்டாவதும் வேலை செய்யவில்லையே என்று கைபிசைகிறார்கள். இது ஏன் நிகழ்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை இங்கு பார்ப்போம்.

கொம்பனித்தெருவில் ஓர் அலுவலகம்

கொழும்பு 2 இல் உள்ள கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். பேரை வாவியை அண்டிய இப்பகுதியில் பழைய சந்துகளும் புதிய மாடிக் கட்டடங்களும் நெருங்கி நிற்கின்றன. நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுள் ஒன்றான டயலொக்கின் தலைமையகம் இங்கேயுள்ள யூனியன் பிளேஸில்தான் இருக்கிறது. பைபர் கம்பிக்கோ கைத்தொலைபேசி அலைக்கோ குறைவில்லாத இடம் இது. ஆனால், கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டும் இயந்திரம் ஒரு கேபிளை அறுத்துவிட்டால், அதை நம்பியிருந்த கணனிகள் அத்தனையும் அக்கணமே ஊமையாகிவிடும். தலைமையகத்துக்கு அருகில் இருப்பதால் மட்டும் எவருக்கும் பாதுகாப்புக் கிடைத்துவிடாது.

இங்கே ஒரு மாடியறையில், மன்னாரிலும் ஹற்றனிலும் உள்ள கிராமியச் சங்கங்களுக்காக ஐந்தாறு பேர் வேலைசெய்யும் ஓர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் வங்கிக்குப் போகவேண்டிய பணிப்புரை, இணைப்பு அறுந்ததால் நின்றுவிட்டது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அது ஒரு பிற்பகல் எரிச்சல். மன்னாரில் விதைநெல்லுக்குப் பணம் எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கோ, அது திங்கட்கிழமை வரை நீளும் காத்திருப்பு. மழை அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஒரு நங்கூரம் தந்த பாடம்

இதே சங்கடத்தை ஒருமுறை நாடே அனுபவித்தது. 2004 ஒகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே கப்பலொன்றின் நங்கூரம், கடலடியில் கிடந்த சீ-மீ-வீ 3 கேபிளைச் சேதப்படுத்தியது. தென்கிழக்காசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்த அக்கேபிளே அந்நாளில் இலங்கை இணையத்தின் பிரதான வழியாக இருந்தது. ஒரு நங்கூரம் இழுபட்டதால் நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளும் பெருமளவில் தடைப்பட்டன.

பின்னர் வழிகள் பெருகின. 2005 இன் இறுதியில் சீ-மீ-வீ 4 சேவைக்கு வந்தது. 2006 இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே ஒரு கேபிள் போடப்பட்டது. அதன்பின் வந்த சீ-மீ-வீ 5 கொழும்பை விட்டு விலகித் தெற்கே மாத்தறையில் கரையேறியது. இந்தக் கடைசி விடயம் நாம் கவனிக்கவேண்டியது. கேபிள்களின் எண்ணிக்கை கூடியதோடு, அவை கரையேறும் இடமும் வேறுபட்டது. கொழும்புக் கடலில் இழுபடும் நங்கூரம் மாத்தறைக் கேபிளைத் தொடமுடியாது.

2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே சீ-மீ-வீ 4 உட்படச் சில கேபிள்கள் சேதமுற்றன. ஆசிய நாடுகள் சிலவற்றில் இணையம் மந்தமானது. எனினும் போக்குவரத்தில் பெரும்பகுதி வேறு வழிகளுக்குத் திருப்பப்பட்டது. வேகம் குறைந்தாலும் வேலை நிற்கவில்லை. ஓர் அலுவலகம் விரும்பவேண்டியதும் இதுவே.

இரண்டும் உண்மையில் இரண்டுதானா?

ஒரே நீரூற்றிலிருந்து நீர்பெறும் இரண்டு கிணறுகள் ஒன்றாகவே வற்றும். ஆகவே இரண்டாவது இணைப்பை வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, “இது முதலாவதிலிருந்து எங்கே பிரிகிறது?” என்பதே.

முதலாவதாக நிறுவனத்தைப் பாருங்கள். ஸ்ரீ லங்கா டெலிகொம்மும் மொபிடெலும் ஒரே குழுமம். மொபிடெல் 2002 முதல் டெலிகொம்முக்கு முழுமையாகச் சொந்தமானது. எனவே டெலிகொம் பைபருக்கு மாற்றாக மொபிடெல் சிம் அட்டையை வைப்பது, ஒரே வீட்டின் முன்கதவையும் பின்கதவையும் நம்புவது போன்றது. எயார்டெல் 2024 இல் டயலொக்குடன் இணைந்தது. எற்றிசலாட் 2018 இல் ஹட்ச்சுடன் இணைந்தது. பழைய சிம் அட்டையின் பெயர் வேறாக இருந்தாலும் நிறுவனம் ஒன்றாக இருக்கலாம்.

இரண்டாவதாகப் பாதையைப் பாருங்கள். இரு நிறுவனங்களின் பைபர் கம்பிகள் ஒரே தூணில் தொங்கினால், அத்தூணில் ஒரு லொறி மோதினால் இரண்டும் போகும். கட்டடத்துக்குள் இரண்டும் ஒரே குழாயால் ஏறினால் எலிக்கும் வேலை எளிது. ஒன்று கம்பிவழியாகவும் மற்றொன்று 4ஜி அலைவழியாகவும் வருவது சிறிய அலுவலகத்துக்கு ஏற்ற ஏற்பாடு.

மூன்றாவதாக மின்சாரத்தைப் பாருங்கள். இதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறோம்.

ரவுட்டரை அமைக்கும் விதம்

ரவுட்டர் என்பது அலுவலகக் கணனிகளுக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்று வழிகாட்டும் கருவி. இணைப்பு நிறுவனம் தரும் பெட்டி பெரும்பாலும் ஒரு வெளிவழியை மட்டுமே கையாளும். ஆகவே இரண்டு வெளிவழிகளை ஏற்கும் ரவுட்டர் ஒன்று வேண்டும். மைக்ரோட்டிக், டிபி-லிங்க் முதலிய நிறுவனங்கள் சிறிய அலுவலகங்களுக்கு ஏற்றவற்றைச் செய்கின்றன. பைபர் பெட்டியின் கம்பியை முதலாம் வெளிவாசலிலும், 4ஜி பெட்டியின் கம்பியை இரண்டாம் வெளிவாசலிலும் செருகவேண்டும். கணனிகள் யாவும் இப்புதிய ரவுட்டருடன் மட்டுமே இணையவேண்டும். அதன்பின் செய்யவேண்டியவை வருமாறு:

1. முகவரிகளைப் பிரித்தல். இரு நிறுவனங்களின் பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியுடன் வரக்கூடும். ஒரே தெருவில் ஒரே இலக்கத்துடன் இரு வீடுகள் இருந்தால் தபாற்காரர் தடுமாறுவார் அல்லவா? ஒரு பெட்டியை 192.168.2.1 என்று மாற்றி, அலுவலகத்தின் உள்முகவரிகளை 192.168.10 என்று தொடங்கும்படி வைத்தால் குழப்பம் இராது.

2. முன்னுரிமை கொடுத்தல். ரவுட்டரில் ஒவ்வொரு வெளிவழிக்கும் ஓர் எண் உண்டு. சிலவற்றில் அது டிஸ்டன்ஸ் எனவும் வேறு சிலவற்றில் மெட்ரிக் எனவும் இருக்கும். பைபருக்கு 1, 4ஜிக்கு 2 எனக் கொடுங்கள். சிறிய எண் உள்ள வழி நலமாக இருக்கும்வரை பெரிய எண் உள்ள வழி சும்மா இருக்கும்.

3. வழி உயிரோடு உள்ளதா எனச் சோதித்தல். அநேகர் தவறுவது இந்த இடத்திலேயே. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தால் இணையம் உண்டென்று பொருளல்ல. கேபிள் தெருமுனையில் அறுந்திருந்தாலும் ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இடையேயுள்ள இரண்டு முழக் கம்பி நன்றாகவே இருக்கும். பெட்டியை மட்டும் சோதிக்கும் ரவுட்டர் “எல்லாம் நலம்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே வெளியே தொலைவிலுள்ள ஒரு முகவரியை, உதாரணமாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 ஐ, சில விநாடிகளுக்கு ஒருமுறை தட்டிப்பார்க்கும்படி அமைக்கவேண்டும். ஒரே முகவரியை நம்பாமல் இரண்டை வைப்பது நன்று. அந்த முகவரி தானே ஒருநாள் மௌனமானால், நல்ல இணைப்பையும் ரவுட்டர் கைவிட்டுவிடும்.

4. சோதனையை அதன் வழியிலேயே கட்டுதல். பைபரைச் சோதிக்கும் தட்டல் பைபர் வழியாக மட்டுமே போகவேண்டும். அவ்வாறு கட்டாவிட்டால், பைபர் அறுந்து 4ஜிக்கு மாறியதும் அத்தட்டல் 4ஜி வழியே போய் மறுமொழி பெற்றுவிடும். பைபர் குணமாகிவிட்டதென்று எண்ணி ரவுட்டர் அதற்குத் திரும்பும். திரும்பியதும் மீண்டும் விழும். இந்த ஊசலாட்டம் முழு அறுப்பைவிடத் தொல்லையானது.

5. போவதிலும் திரும்புவதிலும் நிதானம். ஒரு தட்டல் தவறியவுடன் மாறவேண்டாம். தொடர்ந்து மூன்று தவறினால் மாறட்டும். முதல்வழி மீண்டபின் ஐந்து நிமிடமாவது அது நிலைத்து நிற்கிறதா எனப் பார்த்தே திரும்பட்டும்.

6. பெயரைத் தேடும் சேவையை மாற்றுதல். இணையத்தில் ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைச் சொல்லும் சேவைக்கு டி.என்.எஸ். என்று பெயர். முதல் நிறுவனத்தின் டி.என்.எஸ். சேவை இரண்டாவது நிறுவனத்தின் வழியாகக் கேட்பவருக்குப் பதில் தராமற் போகலாம். அப்போது இணைப்பு இருந்தும் எந்தப் பக்கமும் திறவாது. ஆகவே 9.9.9.9 போன்ற பொதுச் சேவையை வைக்கவும். சோதனைக்காக ஒரு வழியோடு கட்டிய முகவரியை இதற்கும் பயன்படுத்த வேண்டாம். அவ்வழி விழும்போது அதுவும் கூடவே விழும்.

இவ்வளவும் செய்தபின்னும் மாறும் கணத்தில் சிறு தடங்கல் இருக்கும். வெளியுலகுக்குத் தெரியும் முகவரி மாறுவதால், வங்கித்தளம் மீண்டும் நுழையச் சொல்லலாம். நடந்துகொண்டிருந்த அழைப்பு துண்டிக்கப்படலாம். இதைப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் பதற்றம் இராது. பணம் அனுப்பும் நடுவே துண்டித்தால், உடனே மறுபடி அனுப்பாமல், முதலில் கணக்கைப் பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்துடன் 4ஜி டேட்டாவுக்கு அளவு உண்டானால், அவ்வழியில் காணொளியையும் பெரிய கோப்புகளின் சேமிப்பையும் ரவுட்டரிலேயே கட்டுப்படுத்துங்கள்.

இரு வழியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் வேகம் கூடுமே என்று சிலர் கேட்பர். அதுவும் இயலும். ஆனால் ஒரே பணியாளரின் கோரிக்கைகள் இரு முகவரிகளிலிருந்து போனால் வங்கித்தளங்கள் சந்தேகித்து வெளியேற்றுவதுண்டு. முதலில் மாற்றுவழியைச் சீராக அமைத்து, பின்னர் வேகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

மின்சாரம் என்ற மூலகாரணம்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் இருண்டது. மின்சாரம் போனால் ரவுட்டருக்கு எத்தனை வழி இருந்தென்ன? பைபர் பெட்டி, 4ஜி பெட்டி, ரவுட்டர் ஆகிய மூன்றும் குறைந்த மின்னில் இயங்குபவை. மூன்றையும் ஒரு பற்றரிச் சேமிப்பில் சேர்த்துவிட வேண்டும். ஒன்றை மறந்தாலும் ஒரு வழி போய்விடும். மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையகத்தில் மண்சரிவுகளோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. அத்தகைய இடங்களில் கம்பியையும் கோபுரத்தையும் சாராத மூன்றாவது வழி பெறுமதியானது. 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை அத்தகைய ஒன்று. அதற்கும் மின்சாரமும் மறைப்பில்லாத வானமும் வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் அது கட்டுப்படியாகாது; அயலிலுள்ள சில சங்கங்கள் கூட்டாக ஒன்றை வைத்திருப்பது பற்றி யோசிக்கலாம்.

கம்பியைக் கழற்றிப் பாருங்கள்

சோதித்துப் பாராத மாற்றுவழி, தூர்வாராத கிணறு போன்றது. மாதம் ஒருமுறை, வேலை குறைந்த ஒரு நேரத்தில், பைபர் பெட்டியிலிருந்து வெளியே செல்லும் கம்பியைக் கழற்றுங்கள். ரவுட்டரிலுள்ள கம்பியைக் கழற்றினால் போதாது. மூன்றாவது படி வேலை செய்கிறதா என்பது அதில் தெரியாது. பைபர் நுனி எளிதில் பழுதாகும்; ஆகவே அதை மெதுவாகக் கையாளுங்கள். அதன் ஒளியைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவும் வேண்டாம். எத்தனை விநாடியில் 4ஜிக்கு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் செருகி, திரும்புகிறதா என்றும் பாருங்கள். பின்பு ஒருமுறை மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. இவற்றை எல்லாம் அமைத்த இளைஞர் ஒருவரே அதன் கடவுச்சொல்லையும் அறிந்திருந்தால், அந்த அலுவலகத்துக்கு இன்னமும் ஒரேயொரு கிணறுதான். அவர் வெளிநாடு போய்விட்டால், அல்லது காய்ச்சலில் படுத்துவிட்டால், யாரைக் கேட்பது? எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து, தமிழில் எழுதி, ரவுட்டருக்கு மேலே ஒட்டுங்கள். கடவுச்சொல்லை உறையிலிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். அடுத்த மாதச் சோதனையை, அமைத்தவரைத் தள்ளியிருக்கச் சொல்லிவிட்டு, வேறொருவர் செய்யட்டும். அவரால் முடிந்தால், உங்கள் அலுவலகத்துக்கு இரண்டாவது கிணறு கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.