பொற்கொல்லர் தெருவும் பத்தர் குடும்பங்களும்

மலாக்கா நகரின் பழைய பகுதியில் ஜாலான் துக்காங் எமாஸ் என்று ஒரு தெரு இருக்கிறது. பொற்கொல்லர் தெரு என்று பொருள். கம்போங் கிளிங் பள்ளிவாசலும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். சுற்றுலா வருகிறவர்கள் மூன்றையும் படம் பிடித்துக்கொண்டு, சமய நல்லிணக்கத்தைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தெருவின் பெயரிலேயே இன்னொரு வரலாறு இருக்கிறது. பொன் வேலை செய்தவருக்குத் தமிழில் உள்ள பட்டம் 'பத்தர்'. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றைக்கும் தாலி செய்யப் பத்தர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். அந்தப் பட்டம், ஐந்நூறு ஆண்டுக்கு முன் இங்கே வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளில் சில குடும்பங்களுக்குக் குடும்பப் பெயராக நிலைத்திருக்கிறது. அதைச் சுமப்பவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் பேசுவது மலாய்.

பிள்ளை, நாயக்கர், முதலியார், படையாச்சி, ராஜா, செட்டி என்று அவர்களிடம் வேறு குடும்பப் பெயர்களும் உண்டு. இவற்றில் பத்தரை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் அதை 'பி-ஏ-டி-எச்-ஏ-ஐ-ஆர்' என்று எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்கூட்டலை முதலில் பார்க்கிற தமிழர் யாரும் அதைப் பத்தர் என்று வாசிக்க மாட்டார். பட்டியலில் முன்னும் பின்னும் பிள்ளையும் நாயக்கரும் இருந்தால்தான் பிடிபடும்.

இந்தப் பெயர் என்னை ஏன் இவ்வளவு ஈர்க்கிறது என்றால், நான் வளர்ந்த மலாக்கா வேறு. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. பெயர், அதன்பின் 'அ/லெ' அல்லது 'அ/பெ', அதன்பின் அப்பா பெயர். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான்: இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள். முன்பு ஆங்கிலத்தில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று இருந்ததுதான் பிறகு மலாய்க்கு மாறியது. தாத்தாவின் பெயர் அப்பாவின் அடையாள அட்டையோடு நின்றுவிடும். மூன்று தலைமுறைக்கு மேலே போக வேண்டுமானால் யாராவது ஒரு பாட்டி உயிரோடு இருக்க வேண்டும். லயத்தில் யார் என்ன சாதி என்பது எல்லாருக்கும் தெரியும். கங்காணிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் இருந்தது வெறும் முனியன், வெறும் அஞ்சலை. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டு, அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்ட பிறகு, பால்வெட்டுக்கு ஆயிரக்கணக்கில் தமிழர்கள் இந்த மாநிலத்துக்கு வந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் நாங்கள். தமிழ்ப் பள்ளிக்குப் போனோம், தமிழில் சண்டை போட்டோம், குடும்பப் பெயர் இல்லாமல் வாழ்ந்தோம்.

அதே மாநிலத்தில், ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், காஜா பேராங் சாலையை ஒட்டிய கம்போங் செட்டியில், தமிழ் பேசாத பத்தரும் பிள்ளையும் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரைக் காத்து வந்திருக்கிறார்கள்.

மலாக்கா செட்டிகளை நகரத்தாரோடு குழப்பிக்கொள்வது இன்னும் நடக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பிரிட்டிஷ் காலத்தில் வட்டிக்கடை வைக்க வந்தவர்கள். அவர்களுக்கு ஊரில் குடும்பம், இங்கே கடை, பெயருக்கு முன்னால் வரிசையாக விலாச எழுத்துகள். மலாக்கா செட்டிகள் அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர்கள். மலாக்கா சுல்தானகத்தின் பொற்காலமான 15-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய இந்து வணிகர்கள் அவர்களுடைய முன்னோர்கள். பருவக்காற்றுக்காகத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களில் பலர் உள்ளூரிலேயே பெண் எடுத்தார்கள். மலாய்ப் பெண், ஜாவானியப் பெண், சீனப் பெண். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள், தந்தையின் தெய்வத்தைக் கும்பிட்டார்கள். உடையில் கெபாயாவும் சாரோங்கும், சமையலில் பெலாச்சானும் வந்து சேர்ந்தன. தந்தை வழியாக வந்த பட்டம் மட்டும் அப்படியே நின்றது.

போர்த்துகீசியர் தோமே பிரெஸ் 1512-க்குப் பிறகு மலாக்காவில் தங்கி எழுதிய குறிப்பில், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகச் சொல்கிறார். வணிகர்களை மேற்பார்க்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் கலிங்க வணிகர்களும் வங்காளிகளும் வந்தார்கள். 1511-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தபோது அவருக்குத் துணை நின்ற இந்து வணிகர் ஒருவரைப் போர்த்துகீசிய ஆவணங்கள் 'நினா சாத்து' என்கின்றன. நைனா செட்டி என்பதன் திரிபாக அதைப் படிப்பவர்கள் உண்டு. இந்து மக்களுக்குத் தலைவராக, பெண்டகாராவாக, அல்புகெர்க் அவரை அமர்த்தினார். 1514-இல் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் அவர் சிதை மூட்டி அதில் இறங்கினார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய மலாக்காத் தமிழ் வணிகர் ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பாதி அவருடைய மானம், பாதி அவருடைய பெயர்.

1641-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். வணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்வது அவர்கள் கொள்கை. செட்டிகளின் கப்பல் வணிகம் மெல்ல ஒடுங்கியது. சிலர் பொன் வேலை, சில்லறை வணிகம் என்று நகரத்தில் நின்றார்கள். மற்றவர்கள் காஜா பேராங், பாச்சாங் பக்கம் நிலத்துக்குப் போனார்கள். இருந்தும் 1781-இல் டச்சு அரசு கோயிலுக்கு நிலம் கொடுத்தபோது அதைப் பெற்றவர் தெய்வநாயகம் செட்டி. அப்படி எழுந்ததுதான் பொய்யாத விநாயகர் கோயில், அதுவும் பொற்கொல்லர் தெருவில். 1962-இல் அதன் நிர்வாகத்தை நகரத்தாரிடம் ஒப்படைத்தார்கள். காஜா பேராங்கில் 1822-இல் எழுந்த முத்து மாரியம்மன் கோயிலை இன்றைக்கும் செட்டிகளே நடத்துகிறார்கள். மே மாதத்தையொட்டி அங்கே நடக்கும் திருவிழாவுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'டத்தோ சாச்சார்'. சாச்சார் என்றால் அம்மை. அம்மை போட்டவளை நாம் அம்மன் என்கிறோம், அவர்கள் மலாயில் பெரியவர் என்று மரியாதையாக டத்தோ என்கிறார்கள்.

பொங்கலுக்கு முந்தைய நாள் போகியன்று அவர்கள் செய்யும் 'பார்ச்சு' படையல்தான் பெயர் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறந்துபோன முன்னோர்களுக்கு இலை போட்டு, நாசி லெமாக்கிலிருந்து மீன் சம்பல் வரை அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிறார்கள். பழம் விளையும் பருவத்தில் இன்னொரு பார்ச்சு, பழங்களை வைத்து. ஆண்டுக்கு இருமுறை இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கிற குடும்பம், எந்த வீடு யாருடையது என்பதை மறக்காது. குடும்பப் பெயர் நிலைத்ததற்குப் பதிவேட்டைவிடப் படையல்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். பத்தரும் பிள்ளையும் சாதிப் பட்டங்கள்தானே, அவற்றைக் கொண்டாடலாமா?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடத் தீர்மானித்தது. ஈ.வெ.ராமசாமி நாயக்கர், நாயக்கரை விட்டார். அதே ஆண்டின் கடைசியில் அவர் மலாயாவுக்கு வந்தார்; இங்கேயும் அந்தச் சிந்தனை வேர் பிடித்தது. என் போன்றவர்கள் சாதிப் பட்டமில்லாத பெயரோடு பள்ளிக்குப் போனதில் அந்த உழைப்புக்குப் பங்குண்டு. அதற்கு நன்றி சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஆனால் பட்டத்தின் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டுக் கிராமத்தில் பட்டம் என்பது யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லும் கருவி. மலாக்காவில் பத்தர் வீட்டுப் பையன் பிள்ளை வீட்டில் பெண் எடுத்தான். நாயக்கர் வீட்டுக்குச் சீன மருமகள் வந்தாள். நூறு, இருநூறு வீடுகள் கொண்ட சமூகத்தில் சாதிக்குள் மட்டும் திருமணம் என்று நின்றால் சமூகமே நின்றுவிடும். அதனால் பட்டத்திலிருந்த ஏற்றத்தாழ்வு தேய்ந்து, இன்ன தாத்தாவின் வழி என்பது மட்டும் மிஞ்சியது. மலாயிலேயே கனவு காணும் ஒருவருக்குப் பத்தர் என்பது தொழிலும் அல்ல, சாதியும் அல்ல. அப்பா பெயரின் பிற்பாதி.

கடல் தாண்டிய தமிழர்களுக்கு இது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் பட்டங்கள் தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாக உறைந்தன. முதலியார் அங்கே மூட்லி, கவுண்டர் அங்கே கோவெண்டர், படையாச்சி ஏறக்குறைய அப்படியே. ஐ.நா.வின் மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவநீதம் பிள்ளையின் பெயரிலும் அந்தப் பட்டம்தான். பத்தரும் அங்கே உண்டு, 'பாத்தர்' என்ற உச்சரிப்போடு. 1940-களில் நேட்டால் இந்தியர் அரசியலில் பி.ஆர்.பாத்தர் தெரிந்த பெயர். ஆக, பத்தர் என்ற சொல் தமிழ்நாட்டில் தொழிலையும் சாதியையும் குறித்தபடி தங்கிவிட்டது. குடும்பப் பெயராக அது உயிர் பெற்றது மலாக்காவிலும் டர்பனிலும். மலாய் நாட்டுத் தமிழ் முஸ்லிம்களிடம் மரைக்காயர் என்பது 'மெரிக்கான்' ஆகிப் பினாங்கிலும் கெடாவிலும் மலாய்க் குடும்பப் பெயராக உலவுவதும் இதே கதைதான்.

இலங்கையில் கொழும்புச் செட்டிகள் இன்னொரு கிளை. 1859-இல் 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி அந்தப் பெயரின் முகம். ஆனால் செட்டி என்ற பெயர் உலகில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று கணினியில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்திலும் 'சிட்டி' என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் மலாக்கா செட்டி எழுதுவதும் அதே எழுத்துகள்தான். கெண்ட் மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊரே உண்டு. வழக்குரைஞர்களின் அலமாரியில் 1826 முதல் பதிப்பு பதிப்பாக வந்துகொண்டிருக்கும் ஒப்பந்தச் சட்ட நூல் அந்த ஆங்கிலச் சிட்டிகளுடையது. அவர்களுக்கும் காஜா பேராங்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுத்தை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒரே புள்ளியாக வரைபடத்தில் விழும்.

இன்றைக்கு மலாக்கா செட்டிகள் எங்கே இருக்கிறார்கள்? கம்போங் செட்டியில் கோயிலைச் சுற்றி ஒரு சிறு ஊர், ஒரு சிறு அருங்காட்சியகம். 2008-இல் மலாக்கா உலகப் பாரம்பரிய நகரமான பிறகு பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள். ஊரின் அக்கம்பக்கத்தில் உயரமான கட்டடங்களும் எழுந்தன. பாச்சாங், தெங்கேரா என்று நகரத்தின் மற்ற பகுதிகளிலும் கோலாலம்பூரிலும் குடும்பங்கள் உண்டு. பெரிய கிளை சிங்கப்பூரில். ஆங்கிலம் படித்துக் கிராணி வேலைக்கும் அரசாங்க வேலைக்கும் போனவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே குடியேறினார்கள். அங்கே பலர் கிறிஸ்தவர்களாகி, முதல் பெயர் விவிலியத்திலிருந்தும் கடைசிப் பெயர் தமிழிலிருந்தும் என்று வாழ்கிறார்கள். சாமுவேல் துரைசிங்கம் 2006-இல் சிங்கப்பூர், மலாக்கா பெரானாக்கான் இந்தியர்கள் என்று இவர்களைப் பற்றி நூல் எழுதினார். அதன்பின் சிங்கப்பூரில் இவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. 2018-இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் அவர்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. தாங்கள் யார் என்று பிள்ளைகளுக்கு விளக்கத் திணறியிருந்த பல வீடுகள் தம் பழைய படங்களை வெளியே எடுத்தன.

மலாக்காவில் இந்த ஆர்வத்துக்கு இன்னும் வேகம் வேண்டும். இப்போது செட்டிப் பெண்கள் பலர் எங்களைப் போன்ற தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் வாழ்க்கைப்படுகிறார்கள். நல்ல செய்திதான், ஐந்நூறு ஆண்டுத் தமிழும் நூறாண்டுத் தமிழும் சந்திக்கின்றன. ஆனால் பெயர் தந்தை வழியில் மட்டும் இறங்குவதால், பத்தர் வீட்டு மகள் பெறும் பிள்ளை 'அ/லெ' போட்டு அப்பா பெயரோடு நின்றுவிடும். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவள் பெயர் குடும்பப் பெயரோடு முழுதாக, அவள் அப்பாவின் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே ஏறுகிறதா என்று பதிவிலாகாவின் முகப்பை விட்டு நகர்வதற்குள் பார்த்துவிட வேண்டும். அடுத்த தலைமுறை தன் வழியைத் தேடும்போது கையில் கிடைக்கிற காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.