கடல்கன்னி, பனிமனிதன், ஏரிப் பூதம்... மர்ம உயிரினங்களைத் தேடும் டிவி ஷோக்களை எவ்வளவு நம்பலாம்?

ராத்திரி பதினோரு மணி. டிவியில் பச்சை நிறத்தில் ஒரு காடு. நாலு பேர் மூச்சு வாங்க ஓடுகிறார்கள். "உஷ்... அந்தச் சத்தம் கேட்டுதா?" என்று தமிழ் டப்பிங் குரல் கிசுகிசுக்கிறது. கேமரா ஆடுகிறது. எங்கேயோ ஒரு கிளை முறிகிறது. அவ்வளவுதான், விளம்பர இடைவேளை!

ரிமோட்டை மாற்ற மனசு வருமா நமக்கு? வராது. பனிமனிதன், பிக்ஃபுட், கடல்கன்னி, ராட்சதச் சுறா என்று இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. பொழுதுபோக்காகப் பார்க்கும்வரை பிரச்னை இல்லை. "டிஸ்கவரியிலேயே காட்டினாங்கப்பா" என்று அதையே ஆதாரமாகச் சொல்லும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அந்தச் சிக்கல் கடலை நம்பி வாழ்கிற ஊர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

பழவேற்காட்டுக்கு ஒரு கேமரா டீம் வந்தால்?

இந்த நிகழ்ச்சிகள் எப்படித் தயாராகின்றன என்று புரிந்துகொள்ள ஒரு சின்னக் கற்பனை. திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது சுண்ணாம்புக்குளம். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்று. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிறது, ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. இங்கே ஒரு வெளிநாட்டு டீம் வந்து இறங்கி, 'பழவேற்காட்டுப் பூதம்' என்று ஒரு எபிசோடு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எடுக்க முடியுமா? தாராளமாக முடியும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை!

முதல் காட்சி, இருட்டில் ஏரி. திடீரென்று 'தொபீர்' என்று ஒரு சத்தம், தண்ணீர் தெறிக்கிறது. இரண்டாவது, அலையில் மின்னும் நீல வெளிச்சம். மூன்றாவது, கடற்கரை மணலில் டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு விநோதத் தடம். தண்ணீரிலிருந்து வந்து, திரும்பத் தண்ணீருக்கே போயிருக்கிறது. நாலாவது, தூரத்தில் நூற்றுக்கணக்கான தொண்டைகள் சேர்ந்து கத்துவது போல ஒரு இரைச்சல். கடைசியாக, சதுப்பு நிலத்தில் நெருப்பைக் கக்கிக்கொண்டு அலையும் கொள்ளிவாய்ப் பிசாசு பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேட்டி. பின்னணியில் 'திடும் திடும்' இசை. "இந்த ஏரியின் ஆழத்தில் மறைந்திருப்பது என்ன?" என்று ஒரு கேள்வி. எபிசோடு ரெடி.

இப்போது இதையே ஏரியில் தினமும் வலை போடுகிறவரிடம் காட்டினால்? தொபீர் சத்தம், மடவை மீன் துள்ளியது. நீல வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாத நாக்டிலூகா எனும் நுண்ணுயிரி, அலை அடிக்கும்போது உமிழும் ஒளி. 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரைகளில் இது தெரிந்தபோது நம்மில் பலர் ராத்திரியோடு ராத்திரியாக செல்போனுடன் ஓடினோமே, அதேதான். மணல் தடம், ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையுடையது. இரைச்சல், குளிர்காலத்தில் இங்கே கூடும் பூநாரைகளுடையது. பார்க்கத்தான் அழகு, குரல் வாத்து மாதிரிதான் இருக்கும். இன்னொன்று, அந்த 'மர்ம ஆழம்'. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான். பூதம் வந்தால் உட்காரத்தான் இடம் இருக்கும், ஒளிய இடம் இருக்காது!

டிவி ஷோவின் சூத்திரமே இதுதான். காட்டிய காட்சிகள் எல்லாம் உண்மை. விளக்கம் சொல்லக்கூடிய ஆளின் பேச்சை மட்டும் எடிட்டிங் டேபிளில் வெட்டிவிட்டால் போதும். "பூதம் இருக்கிறது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இருக்குமோ?" என்றுதான் கேட்பார்கள். கேள்வி கேட்டவர் மேல் யார் வழக்குப் போட முடியும்? நம்ம ஜீ தமிழில் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சிக்கு 'நம்பினால் நம்புங்கள்' என்று பெயர். பொறுப்பை மொத்தமாக நம்ம தலையில் கட்டிவிட்ட அருமையான தலைப்பு!

90 வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்த கதை

இந்த வியாபாரம் டிவி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1933-ல் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் ஒரு விலங்கு இருப்பதாகப் பேச்சு கிளம்பியதும், லண்டனின் 'டெய்லி மெயில்' பத்திரிகை மர்மடியூக் வெதரெல் என்ற வேட்டைக்காரரைத் தேடச் சொல்லி அனுப்பியது. சில நாளிலேயே கரையில் பெரிய காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். பரபரப்புச் செய்தி! ஆனால், அச்சு எடுத்துப் பார்த்த நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் நிபுணர்கள், அது பதப்படுத்தப்பட்ட ஒரு நீர்யானைக் காலால் பதித்த தடம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் உலகப் புகழ்பெற்ற 'நெஸ்ஸி' போட்டோ வெளியானது. பொம்மை நீர்மூழ்கிக் கப்பலில் கழுத்தை ஒட்டவைத்து எடுத்த படம் அது என்பதும், அதன் பின்னால் இருந்தவர் அதே வெதரெல் என்பதும் 1994-ல்தான் வெளியே வந்தது. அறுபது வருஷம் ஓடிய படம்!

கடல்கன்னி முதல் மெகலோடான் வரை

2012 மே மாதம் அனிமல் பிளானட் சேனலில் 'மெர்மெய்ட்ஸ்: தி பாடி ஃபவுண்ட்' என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பானது. கடல்கன்னியின் உடலைக் கண்டுபிடித்ததாக விஞ்ஞானிகள் பேட்டி கொடுத்தார்கள். அரசாங்கம் அதை மறைப்பதாகக் குற்றம் சாட்டினார்கள். அவர்களுடைய வெப்சைட்டை அரசே முடக்கிவிட்டது போல ஒரு போலிப் பக்கம்கூட இணையத்தில் இருந்தது. உண்மையில் அந்த 'விஞ்ஞானிகள்' நடிகர்கள். கற்பனைக் கதை என்ற அறிவிப்பு கடைசியில் டைட்டில் ஓடும்போது சில விநாடிகள் வந்துபோனது. மக்கள் நிஜமாகவே விசாரிக்க ஆரம்பிக்க, அமெரிக்க அரசின் கடல் ஆய்வு அமைப்பான நோவா, கடல்கன்னி இருப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று தன் இணையதளத்தில் எழுத வேண்டியதாயிற்று. சேனல் திருந்தியதா? 2013-ல் இரண்டாம் பாகம் வந்தது. 36 லட்சம் பேர் பார்த்து, அதுவரை அந்த சேனலில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி என்ற சாதனை வேறு!

அதே 2013 ஆகஸ்ட்டில் டிஸ்கவரியின் முறை. சுமார் 36 லட்சம் வருஷங்களுக்கு முன்பே அழிந்துபோன மெகலோடான் சுறா இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று ஒரு நிகழ்ச்சி. அதிலும் நடிகர்தான் விஞ்ஞானி. 48 லட்சம் பேர் பார்த்தார்கள். 2014 டிசம்பரில் 'ஈட்டன் அலைவ்'. அனகோண்டா ஒருவரை உயிரோடு விழுங்கப்போகிறது என்று விளம்பரம் செய்தார்கள். கடைசியில் பாம்பு கையை இறுக்கியதும் அவரே போதும் என்று கத்த, நிகழ்ச்சி முடிந்தது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். 2015 ஜனவரியில், புதிதாகப் பொறுப்பேற்ற டிஸ்கவரி தலைவர் ரிச் ராஸ், இந்த மாதிரி நிகழ்ச்சிகள் இனி வராது என்று அறிவித்தார்.

'ஃபைண்டிங் பிக்ஃபுட்' வேறு ரகம். நடிகர்கள் இல்லை, உண்மையிலேயே தேடினார்கள். 2011 முதல் 2018 வரை. பிக்ஃபுட் கிடைத்ததா? தலைப்பில் 'ஃபவுண்ட்' என்று இல்லாமல் 'ஃபைண்டிங்' என்று இருந்தது பாருங்கள், அங்கேயே விடை இருக்கிறது.

அப்போ எல்லாமே டுபாக்கூரா?

இல்லை. ஜெரமி வேடின் 'ரிவர் மான்ஸ்டர்ஸ்' ரசிகர்கள் நம்ம ஊரிலும் நிறைய. இந்திய-நேபாள எல்லையில் ஓடும் காளி நதியில் ஆட்களை இழுக்கும் 'அரக்கன்' பற்றிய பேச்சைத் துரத்திக்கொண்டு போனவர், கடைசியில் ராட்சத கூஞ்ச் கெளுத்தி மீனைப் பிடித்துக் கையில் தூக்கிக் காட்டினார். பின்னணி இசையும் பில்டப்பும் இதிலும் உண்டு. ஆனால், முடிவில் ஒரு மீன் இருக்கும். அதற்கு அறிவியல் பெயர் இருக்கும். ஆட்களை இழுத்தது அந்த மீன்தானா என்பது மட்டும் அவருடைய ஊகம்.

பனிமனிதன் விஷயத்தில் இன்னும் சுவாரஸ்யம். அனிமல் பிளானட்டுக்காக 2016-ல் எடுத்த ஒரு நிகழ்ச்சிக்காகத் திரட்டிய 'எட்டி' முடி, எலும்பு, தோல் மாதிரிகள் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக விஞ்ஞானி ஷார்லட் லிண்ட்குவிஸ்ட்டின் ஆய்வகத்துக்குப் போயின. 2017-ல் முடிவு வெளியானது. ஒன்பது மாதிரிகளில் எட்டு கரடி, ஒன்று நாய்! பனிமனிதன் கிடைக்கவில்லை. ஆனால், இமயமலைக் கரடிகளின் பரம்பரை பற்றிப் புதிய தகவல் கிடைத்தது. இது தெரிந்தும், 2019 ஏப்ரலில் இந்திய ராணுவத்தின் ட்விட்டர் பக்கம் மகாலு மலை முகாம் அருகே 'எட்டி'யின் காலடித் தடம் என்று போட்டோ போட்டு மாட்டிக்கொண்டது தனிக்கதை.

லாக் நெஸ் ஏரியிலும் இப்படித்தான். 2018-ல் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் கெம்மெல் குழு ஏரித் தண்ணீரையே சேகரித்து அதிலிருக்கும் டி.என்.ஏ-வை ஆராய்ந்தது. ஊர்வன இனத்தின் தடயமே இல்லை, விலாங்கு மீனுடையது ஏராளம் என்று அடுத்த ஆண்டு அறிவித்தார்கள்.

வித்தியாசம் புரிகிறதா? நல்ல நிகழ்ச்சி, கிடைத்த பொருளை இன்னொருவர் சோதிக்கக் கொடுக்கும். மோசமான நிகழ்ச்சி, அதைக் காட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடும்.

இதில் என்ன நஷ்டம்?

"ஜாலியா பார்த்துட்டுப் போறோம், விடுங்க பாஸ்" என்று தோன்றலாம். 2001 மே மாதம் டெல்லியில் 'குரங்கு மனிதன்' பீதி கிளம்பியது. இரும்பு நகம், மின்னும் கண் என்று ஆளுக்கொரு வர்ணனை. செய்திச் சேனல்கள் ஓயாமல் காட்டின. பயத்தில் மொட்டை மாடியிலிருந்து குதித்தும் விழுந்தும் உயிர்விட்டவர்கள் உண்டு. கடைசியில் அப்படியொரு பிராணியே இல்லை என்று முடிவானது.

இனி நம்ம கரைக்கு வருவோம். 2025-ல் தமிழ்நாட்டு மீனவர்கள் பிடித்த துடுப்பு மீன் வீடியோ வைரலானது. ஆழ்கடலில் வாழும் நீளமான வெள்ளி நிற மீன். மேலே பார்ப்பது அபூர்வம், அதனால் பழைய கடல் பாம்புக் கதைகள் பலவற்றுக்கு இதுவே காரணம் என்பார்கள். ஆனால், வீடியோவோடு வந்த வாசகம் வேறு: 'அழிவு மீன்... சுனாமி வரப்போகுது!' ஜப்பானில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்களையும் 221 நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டது. பொருந்தியது ஒன்றே ஒன்று.

2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கடற்கரைக்கு 'சுனாமி' என்பது வெறும் வார்த்தை இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரைப் பறிகொடுத்திருக்கிறோம். அதன் பிறகுதான், 2007-ல், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. பொய் எச்சரிக்கைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன காதுக்கு, நிஜ எச்சரிக்கை வரும் நாளில் அதன் அவசரம் உறைக்குமா? கரையோர ஊர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் என்று சொன்னது இதனால்தான். எந்தக் குரலை நம்புவது என்பது அங்கே உயிர் விஷயம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. கடல்கன்னிக் கதைகளுக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படும் விலங்கு, நம்ம பாக் நீரிணையிலேயே இருக்கிறது. கடல்பசு, அதாவது ஆவுளியா. குட்டிக்குப் பால் கொடுக்கும், கடற்புல் மேயும் சாதுவான பாலூட்டி. இந்தியா முழுக்கவே சில நூறுதான் மிச்சம். அதற்காக 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதேபோல 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இல்லாத கடல்கன்னிக்கு லட்சக்கணக்கில் வியூஸ். இருக்கிற ஆவுளியாவுக்கும் ஆமைக்கும்?

அடுத்த முறை பார்க்கும்போது...

'விஞ்ஞானி' என்று ஒருவர் வந்தால் அவர் பெயரை கூகுளில் தட்டிப் பாருங்கள். நிஜ ஆராய்ச்சியாளருக்குப் பல்கலைக்கழகப் பக்கமோ, ஆய்வுக் கட்டுரையோ இருக்கும். நடிகருக்கு சினிமா லிஸ்ட்தான் இருக்கும்.

ஆரம்பத்திலும் முடிவிலும் வரும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஆங்கிலத்தில் ஓடினால் பாஸ் பண்ணிப் படியுங்கள். டப்பிங் குரல் அதைச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உள்ளூர்க்காரர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கவனியுங்கள். பேய்க்கதைக்கு மட்டும் பத்து விநாடி கொடுத்துவிட்டு, மீன், காற்று, நீரோட்டம் பற்றி ஒரு வார்த்தைகூட கேட்கவில்லை என்றால் உஷாராகிவிடுங்கள். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதையே 'பாடு' முறை வைத்துத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் பழவேற்காட்டு மீனவர்களுக்குத் தெரியாமல், அந்த ஒரு மீட்டர் தண்ணீரில் பூதம் குடித்தனம் நடத்த முடியாது.

கிடைத்த முடி, எலும்பு, தடம் எங்கே போனது, யார் சோதித்தார்கள் என்று பாருங்கள். பதில் இல்லாமலே நிகழ்ச்சி முடிந்தால், அது கதை. கதையாக ரசியுங்கள், தப்பே இல்லை. ஆனால், 'சுனாமி வருது' என்று அந்தக் கிளிப் உங்கள் ஃபேமிலி குரூப்புக்கு வந்தால், ஃபார்வர்டு பட்டனை அழுத்தும் முன் இன்காய்ஸ் என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்கு ரெண்டு நிமிஷம் போதும்.