ரிவர் பந்தயம்

ரிவர் பந்தயம் என்பது டெக்சாஸ் ஹோல்டெம் வகைப் போக்கரில் ஐந்தாவதும் கடைசியுமான பொதுச் சீட்டு திறந்த பின் வைக்கப்படும் பந்தயம் ஆகும். இனிப் புதிய சீட்டு வராது. கை மேம்பட வழியில்லை. எனவே நடுத்தரக் கையுடன் பெரிய பந்தயத்தை எதிர்கொள்பவர், எதிராளி வெறுங்கையுடன் மிரட்டும் 'ப்ளஃப்' ஆக அது இருக்கும் வாய்ப்பை மதிப்பிட்டே ஈடு கட்டுவதா, கைவிடுவதா என முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு

நடுவில் 60 டாலர் இருக்க, எதிராளி 60 டாலர் வைத்தால், 120 டாலரை வெல்ல 60 டாலர் கட்ட வேண்டும். மூன்றில் ஒருமுறை வென்றால் நட்டமில்லை. பந்தயம் நடுத்தொகையில் பாதியானால் 25%, இருமடங்கானால் 40% வெற்றி தேவை.

எடுத்துக்காட்டு

பொதுச் சீட்டுகள் ராஜா, 9, 4, 2, 7; ராஜாவும் 9-உம் மட்டும் இஸ்பேடு. ஆட்டக்காரரிடம் ஏஸ், ராஜா உள்ளன. எதிராளியிடம் 9, 7, 4, 2 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இரட்டையாக இருந்தால் அவரே வெல்வார். இவற்றை மட்டும் எண்ணினாலே 12 சேர்க்கைகள். இவற்றுக்கு எதிராக, ஃப்ளஷ் அமையாமல் மிரட்டும் சேர்க்கைகள் 6 இருந்தால்தான் கணக்கு சமன்படும். மூன்றே இருந்தால், ஈடு கட்டும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 24 டாலர் இழப்பு. ஆட்டக்காரரின் ஏஸ் இஸ்பேடாக இருந்தால், எதிராளியிடம் தவறிய ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பு மேலும் குறையும்.

சிறுதொகை ஆட்டங்கள்

1-2 டாலர் மேசைகளில் பலர் எளிதில் ஈடு கட்டுவர். பெருந்தொகை வைத்து மிரட்டுவோர் குறைவு. ஆகவே அங்கு ஒற்றை ஜோடியைக் கைவிடுவதே பொதுவாக நன்று. அடிக்கடி மிரட்டுபவர் என அறியப்பட்டவர் இதற்கு விதிவிலக்கு.