இரண்டு டேங்க், ஒரே எஞ்சின்: டீசல் கணக்கு எங்கே உதைக்கிறது?

இரட்டை டேங்க் வைத்த நான்கு சக்கர இயக்க வாகனங்களில் ஒரு விசித்திரம் அடிக்கடி தலைகாட்டும். பிரதான டேங்கில் ஓடும்போது லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான் தேறுகிறது. துணை டேங்குக்கு மாற்றினால் அதே வண்டி இருபதைத் தாண்டுகிறது. சில வண்டிகளில் இது தலைகீழாக நடக்கும். தனக்கு வரும் டீசல் எந்த டேங்கிலிருந்து வருகிறது என்பது எஞ்சினுக்குத் தெரியாது. எனவே எஞ்சினைச் சந்தேகிப்பதற்கு முன் டீசல் போய்வரும் குழாய்களையும், அளந்த விதத்தையும், வண்டி ஓடிய சாலையையும் பார்க்க வேண்டும்.

இரண்டு டேங்க் என்ற ஏற்பாடு ஆஸ்திரேலியப் பாலைநிலம், ஆப்பிரிக்கப் புல்வெளி போன்ற, பம்புக்கும் பம்புக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிடக்கும் நாடுகளை நினைத்துச் செய்யப்பட்டது. டொயோட்டா லேண்ட் குரூசரின் 'ட்ரூப் கேரியர்' மாடலில் 90 லிட்டர் டேங்க் இரண்டு, மொத்தம் 180 லிட்டர். 200 வரிசை டீசல் லேண்ட் குரூசரில் 93 லிட்டர் பிரதான டேங்க், 45 லிட்டர் துணை டேங்க். பழைய ராணுவ லேண்ட் ரோவர்களில் முன் இருக்கைகளுக்கு அடியில் பக்கத்துக்கொன்றாக டேங்க் இருக்கும். எதிலிருந்து எடுப்பது என்பதைக் கையால் திருப்பும் குழாய்த் திருகு தீர்மானிக்கும்.

மலேசியாவின் மூவார் வட்டாரத்தில் அவ்வளவு தூரம் ஓடத் தேவையில்லை. தங்காக்கிலும் பாகோவிலும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். வழியெல்லாம் எண்ணெய் நிலையங்கள். ஆனால் செம்பனைத் தோட்ட வேலைக்கென்று இப்படியொரு பழைய வண்டியை வைத்திருப்பவருக்கு டீசல் கணக்கு விளையாட்டு விஷயமல்ல. 2024 ஜூன் 10ஆம் தேதி மேற்கு மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ரிங்கிட் ஆனது. தகுதியுள்ள தனிநபர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் அரசு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவித்தது. அந்த 200 ரிங்கிட் அன்றைய விலையில் 60 லிட்டருக்குள் தீர்ந்துவிட்டது. 10 லிட்டர் எங்கே போனது என்று தெரியாமல் விட முடியாது.

புதிரின் முதல் குற்றவாளி, பெரும்பாலும், திரும்பு குழாய். டீசல் எஞ்சினுக்குப் போகும் எண்ணெய் முழுவதும் எரிவதில்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் தேவைக்கு மேல் இழுத்து, அதில் ஒரு பகுதியைத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவும் மசகாகவும் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தைத் தனிக் குழாய் வழியே டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரே டேங்க் என்றால் சிக்கல் இல்லை. இரண்டு டேங்க் என்றால், எடுக்கும் குழாயை மாற்றும்போதே திரும்பும் குழாயையும் மாற்ற வேண்டும். டேஷ்போர்டில் பொத்தானை அழுத்தியதும் சேசிஸ் ஓரத்தில் இருக்கும் மின் வால்வு இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. தோட்டத்துக் களிமண்ணும் மழைநீரும் அப்பிக் கிடக்கும் இடம் அது. மின் இணைப்பு துருப்பிடித்தோ, உள்ளே அழுக்கு சேர்ந்தோ வால்வு பாதியில் நின்றுவிட்டால் ஒரு டேங்கிலிருந்து எடுத்த டீசல் மற்றொன்றில் போய் விழும்.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். 100 கிலோமீட்டருக்கு எஞ்சின் உண்மையில் எரிப்பது 12 லிட்டர், பம்ப் இழுப்பது 20 லிட்டர், திரும்புவது 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரும்பு வால்வு துணை டேங்கின் பக்கமே சிக்கிக்கொண்டிருக்கிறது. பிரதான டேங்கில் முதல் 100 கிலோமீட்டர் ஓடினால் அதில் 20 லிட்டர் குறைந்திருக்கும். துணை டேங்கில் 8 லிட்டர் கூடியிருக்கும். அடுத்த 100 கிலோமீட்டரைத் துணை டேங்கில் ஓட்டினால் அங்கே எடுத்தது அங்கேயே திரும்புகிறது. எரிந்த 12 லிட்டர் மட்டும் குறையும். வந்து சேர்ந்த எட்டைக் கழித்தால் துணை டேங்கில் மொத்தக் குறைவு 4 லிட்டர்தான். பிறகு எண்ணெய் நிலையத்தில் இரண்டையும் பழைய மட்டத்துக்கு நிரப்பும்போது பிரதான டேங்க் 20 லிட்டர் வாங்கும், துணை டேங்க் 4 லிட்டர் வாங்கும். தனித்தனியாகக் கணக்குப் போட்டால் ஒன்று லிட்டருக்கு 5 கிலோமீட்டர், மற்றது 25! இரண்டுமே பொய். 200 கிலோமீட்டருக்கு 24 லிட்டர், அதாவது லிட்டருக்கு 8.3 கிலோமீட்டர் என்பதே மெய்.

துணை டேங்க் முதலிலேயே விளிம்புவரை நிறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். திரும்பி வரும் எண்ணெய்க்கு இடமில்லாமல் மூடி வழியாகவோ காற்றுக்குழாய் வழியாகவோ வழிந்து தரையில் சொட்டும். அப்போது மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக டீசல் வாடை அடித்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு மூடிகளையும் கழற்ற வேண்டும். ஒரு குழாய் வாயில் காதை வைத்தால், டேங்க் நிறையாமல் இருக்கும் பட்சத்தில், மெல்லிய தாரை விழும் சத்தம் கேட்கும். அதுதான் திரும்பும் டீசல். உதவியாள் ஒருவர் பொத்தானை அழுத்தும்போது வால்வின் 'டொக்' ஒலி வர வேண்டும். சற்று நேரத்தில் தாரைச் சத்தம் அடுத்த டேங்குக்கு மாற வேண்டும். மாறவில்லை என்றால் புதிர் விடுபட்டது. பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெட்ரோல் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

எல்லா வண்டிகளும் இந்த முறையில் இயங்குவதில்லை. நிசான் பேட்ரோல் போன்ற சிலவற்றில் எஞ்சின் எப்போதும் பிரதான டேங்கிலிருந்தே குடிக்கும். துணை டேங்கில் இருப்பதை ஒரு சிறு பம்ப் பிரதான டேங்குக்கு மாற்றிவிடும். மாற்றம் நடக்கும் நேரத்தில் பிரதான மீட்டர் முள் இறங்காது, சில சமயம் ஏறவும் செய்யும். அந்த இடைவெளியில் கணக்கெடுத்தால் வண்டி காற்றில் ஓடுவதுபோல்தான் தோன்றும்.

அடுத்தது நிரப்பும் விதம். எண்ணெய் நிலையப் பம்பின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. டீசலோ நுரையோ அதை மூடியதும் உள்ளே வெற்றிடம் கூடி விசை 'டக்'கென்று விழும். டீசல் நுரைக்கும் எண்ணெய். வேகமாக ஊற்றினால் டேங்க் நிறைவதற்கு முன்பே விசை விழுந்துவிடும். துணை டேங்க் பெரும்பாலும் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். ஊற்றுக்குழாய் நீண்டு வளைந்திருக்கும். காற்று வெளியேறும் குழாய் நசுங்கியோ மண்ணடைத்தோ இருந்தால் உள்ளே காற்றுக்குமிழ் தங்கிவிடும். இப்படி 4 லிட்டர் குறைந்தால் 180 லிட்டர் கணக்கில் அது 2 விழுக்காட்டுப் பிழை. 45 லிட்டர் டேங்கைத் தனியாகக் கணக்கெடுத்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு. சிறிய டேங்கின் கணக்கை நம்பாதிருக்க இந்த ஒரு காரணமே போதும்.

மீட்டர் முள்ளை வைத்துக் கணக்குப் போடுவது அதைவிட மோசம். டேங்கின் உள்ளே மிதக்கும் மிதவை உயரத்தைத்தான் சொல்கிறது, கொள்ளளவைச் சொல்வதில்லை. சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடம் விட்டு வளைத்துச் செய்த டேங்கில் ஒரு அங்குல உயரம் மேலே ஒரு அளவாகவும் கீழே வேறொரு அளவாகவும் இருக்கும். வண்டி சரிவில் நின்றால் முள்ளும் இடம் மாறும்.

ஓடிய சாலையும் வித்தியாசத்தைக் கூட்டுகிறது. ஒரு டேங்கைத் தோட்டத்து வேலையில் தீர்த்துவிட்டு மற்றதை நெடுஞ்சாலையில் தீர்த்தால் இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லை. கரையோர மூவார் தாழ்ந்த களிமண் நிலம். பாரிட் ஜாவா போல 'பாரிட்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள், வாய்க்கால் வெட்டி நீர் வடித்த மண் அது என்பதைக் காட்டுகின்றன. மழைக்காலத்தில் அங்கே குறைந்த கியரில், நான்கு சக்கரமும் உழன்று, மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஊர்ந்தால் லிட்டருக்கு நான்கு ஐந்து கிடைப்பதே பெரிது. பழக்குலை ஏற்றி முடியும்வரை ஏர்கான் போட்டு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் ஓடிய தூரம் பூஜ்யம், எரிந்த டீசல் மட்டும் மிச்சம். நெடுஞ்சாலையிலும் சிக்கனம் தானாக வந்துவிடாது. பெட்டி வடிவ வண்டியை 90இலிருந்து சட்ட வரம்பான 110க்கு ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

காரணமாகச் சொல்லப்பட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாதவை சில. மலேசிய நிலையங்களில் 10 விழுக்காடு பாமாயில் டீசல் கலந்த 'பி10' எண்ணெயும், 7 விழுக்காடு கலந்த 'பி7' எண்ணெயும் விற்கின்றன. பாமாயில் டீசலின் ஆற்றல் சாதாரண டீசலைவிட லிட்டருக்குச் சுமார் 8 விழுக்காடு குறைவு. அந்த 3 விழுக்காட்டுக் கலப்பு வித்தியாசம் மொத்தத்தில் கால் விழுக்காடுகூட எட்டாது. எந்த ஓட்டுநராலும் உணர முடியாது. வெயிலில் டீசல் விரிவதும் அப்படித்தான்: 90 லிட்டர் 10 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டர் கூடும். இரண்டு டேங்கும் நிறைந்தால் 150 கிலோ சுமை கூடுவது உண்மை. இரண்டரை டன் வண்டிக்கு அது இரண்டு பேர் ஏறியது மாதிரி. பெரிய டயர் மாற்றியிருந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். 31 அங்குலத்திலிருந்து 33க்குப் போனால் உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 94 என்றே காட்டும்.

நம்பத்தக்க கணக்குக்கு ஒரே முறைதான் உண்டு. ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், சமதரையில் நிறுத்தி, இரண்டு டேங்கையும் மெதுவாக விளிம்புவரை நிரப்ப வேண்டும். வழக்கமான வேலையில் குறைந்தது 400 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதே பம்புக்குத் திரும்பி வந்து இரண்டையும் மறுபடி நிரப்பி, வாங்கிய மொத்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். இந்தக் கூட்டுக் கணக்கு சரியாக இருந்து டேங்குக்கு டேங்க் மட்டும் வித்தியாசம் காட்டினால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். கூட்டுக் கணக்கே வழக்கத்தைவிடக் குறைவாக வந்து, ஒழுகலும் இல்லை என்றால் காற்று ஃபில்டர், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், டயர்க் காற்று என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் இன்ஜெக்டரில் கை வைக்க வேண்டும்.