சைட் வாங்கும் முன் கால்வாயைப் பாருங்கள்!

பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. மேட்டு ஏரி நிரம்பினால், உபரி நீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். அந்தக் கால்வாய்க்குக் கன்னடத்தில் 'ராஜகாலுவே' என்று பெயர்.

தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியம். ஏரி போனாலும் மழைநீர் பழைய பள்ளத்தைத்தான் தேடுகிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பகுதியில் தெருவிலே படகு விட்டார்கள். டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள்.

நம்மவர்கள் பலர் பி.எப். பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு சைட் வாங்குகிறார்கள். தரகர் காட்டுவதோ கோடையில் காய்ந்த தரை! பத்திரம் மட்டும் காப்பாற்றாது. 2016 ஆகஸ்டில் ராஜகாலுவேயை மறித்த வீடுகளை மாநகராட்சி இடித்தபோது, பத்திரமும் பிளான் அனுமதியும் வைத்திருந்தவர்களும் வீட்டை இழந்தார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே இலாகாவின் கிராம வரைபடத்தை வாங்குங்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த நண்பரை வைத்துக்கொண்டு, உங்கள் சர்வே எண்ணின் பக்கத்தில் 'கெரே', 'காலுவே' என்று குறித்திருக்கிறதா பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் நேரில் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எப்படி வடிகிறது என்று அக்கம்பக்கத்தாரை விசாரியுங்கள்.

கால்வாய் மனை என்று தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி விடுங்கள்.